சோத்துக் கையும் மற்றக் கையும்

நம் இசைப் பள்ளியில் புதிதாக ஆசிரியராகச் சேர்ந்திருக்கும் நீங்கள் சென்ற வாரம் போன் செய்தீர்கள். பிள்ளைகள் வாத்தியம் கற்பதால் என்னென்ன நன்மை என்று பெற்றோருக்குக் கொடுக்க ஒரு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். மூளை வளரும், கணக்கு வரும், பொறுமை வரும் என்று நீங்களே ஒரு பட்டியலும் அனுப்பி, "சரியா இருக்கான்னு பாருங்க டீச்சர்" என்றீர்கள். பார்த்தேன். சரியாகத்தான் இருக்கும். அறுபது வருடம் வயலினோடு குடித்தனம் நடத்தியும் எனக்குக் கணக்கு வரவில்லை என்பதை மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

பட்டியல் எழுத எனக்குத் தெரியாது. கிளமெண்டியில் வீட்டோடு கிடக்கும் கிழவிக்குத் தெரிந்ததெல்லாம் நடந்ததைச் சொல்வதுதான். ஒரே ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். நன்மை எது என்று நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐம்பதுகளின் கடைசியில் வாரநாட்களில் நான் ஒரு தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமை காலையில் செராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு மளிகைக் கடையின் மாடியில் வயலின் வகுப்பு. கீழே மிளகாய் அரைக்கிற நேரமும் எங்கள் வகுப்பு நேரமும் ஒன்று. பிள்ளைகள் ஆரோகணத்தில் ஏறும்போது ஒரு தும்மல், இறங்கும்போது ஒரு தும்மல். அதையும் தாளத்தில் தும்மப் பழகிக்கொண்டார்கள்.

பெற்றோர் அந்தக் காலத்திலும் பலன் கேட்டுத்தான் வந்தார்கள். பையன் கோலியும் பட்டமுமாகத் திரிகிறான், ஓரிடத்தில் உட்கார வையுங்கள் என்பார் ஒருவர். பெண் பார்க்க வருகிறவர்கள் கேட்டால் ஒரு பாட்டாவது வாசிக்க வேண்டாமா என்பார் இன்னொருவர். ரேடியோவில் பேர் வருமா என்று முதல் நாளே கேட்டவரும் உண்டு. யாரையும் குறை சொல்லமாட்டேன். பிள்ளைக்கு ஒன்று கொடுக்கும்போது அதில் தனக்கும் ஏதோ ஒன்று கிடைக்காதா என்று பார்ப்பது மனித சுபாவம். ஆனால் வயலினை மருந்தாகக் கேட்டு வந்தவர் ஒரே ஒருவர்தான்.

அறுபதுகளின் தொடக்கம் அது. செம்பவாங் கடற்படைத் தளத்தில், கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவரின் மனைவி. அங்கேயே குவாட்டர்ஸில் வீடு. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி தேக்கா மார்க்கெட்டுக்கு வருவார்கள். ஒருநாள் பெரிய மார்க்கெட் பையைப் படியிலேயே வைத்துவிட்டு, எட்டு வயது இருக்கும் மகளைத் தரதரவென்று மாடிக்கு இழுத்துக்கொண்டு வந்தார்.

"டீச்சர், இது எம் மவ தனம். எல்லாத்துக்கும் பீச்சாங்கைதான். அடிச்சுப் பாத்துட்டேன், சூடு வப்பேன்னு மெரட்டிப் பாத்துட்டேன், கையில துணி சுத்திக் கட்டியும் பாத்தாச்சு. இந்த வாத்தியத்துல வில்ல சோத்துக் கையாலதான் பிடிக்கணுமாமே? தெனம் பிடிச்சாக்கா சோத்துக் கை தன்னால பலமாயிடும்னு சொன்னாங்க. நெசமா?"

சுத்தத் தமிழில் வலக்கை, இடக்கை என்று நாம் எழுதிவிடுகிறோம். வீட்டில் புழங்கும் வார்த்தைகள் வேறு. ஒன்று சோறு தின்னும் கை. இன்னொன்று எதற்கு ஆகும் என்பது அதன் பெயரிலேயே இருக்கிறது. எட்டு வயதுப் பிள்ளை அந்தப் பெயரை ஒரு நாளில் எத்தனை தடவை கேட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அந்தத் தாயை ராட்சசி என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்கு ஒரு காயம் இருந்தது. சொந்தக்காரர் கல்யாணத்தில் பந்தி பரிமாறும்போது, ஆசையாகத் தானும் பரிமாற ஓடிய தனம் ஒரு பெரியவர் இலையில் இடது கையால் அப்பளத்தை வைத்துவிட்டாள். அவர் இலையை மடிக்காமல் எழுந்து போய்விட்டார். பந்தியில் பாதியில் ஒருவர் எழுந்தால் அது அந்த வீட்டுக்கு எப்படிப்பட்ட அவமானம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "இதோட போற வீட்டுக்குப் போனா வச்சு வாழுவாங்களா டீச்சர்? எங்க பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக் அம்மாகூட அந்தக் கையால குடுத்தா வாங்காது. இந்த ஊருல எந்த சனம் ஒத்துக்கும் சொல்லுங்க" என்று என்னிடம் கேட்டபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"வில் வலது கையில்தான். விட்டுட்டுப் போங்க அக்கா" என்றேன். நான் சொன்னது முழுக்க உண்மை. அவர் பையைத் தூக்கிக்கொண்டு மீன் வாங்கப் போனார்.

தனம் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். வயலினின் தலையை அவள் வலது காலின் மேல் சாய்த்து வைத்தேன். பதறிப்போய்க் காலை இழுத்துக்கொண்டு, வயலினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினாள். சரஸ்வதி பூசையில் சந்தனம் வைத்துக் கும்பிடும் பொருள் காலில் பட்டுவிட்டதே! "இந்த வாத்தியம் உட்காருவதே அங்கேதான், தப்பில்லை" என்று சொல்லி மறுபடி வைத்தேன். வில்லை வலது கையில் பிடித்து ஒரு தந்தியில் இழுத்தாள். முரட்டுச் சத்தம்தான், ஆனால் நேராக வந்தது. சரி, இனி இடது கையை எடுத்துத் தந்திமேல் வை என்றால், கையைக் காணோம். தொடைக்குக் கீழே செருகி அதன்மேல் உட்கார்ந்திருக்கிறாள்.

"கை எங்கம்மா?"

"அது அசிங்கக் கை டீச்சர். சாமிப் பொருளத் தொட்டா ஆகாது."

மற்றப் பிள்ளைகள் களுக்கென்று சிரித்தார்கள். அவர்களை ஒரு முறை முறைத்தேன். கையில் ஒரு அசிங்கமும் இல்லை என்று ஒரு பிரசங்கம் செய்திருக்கலாம். நான் என்ன சொன்னாலும் வீட்டில் அம்மா சொல்வதுதான் பிள்ளைக்கு வேதம். அதனால் மற்றவர்களுக்குப் பாடம் எடுக்கப் போனேன். அவள் வலது கையால் ஒரே சத்தத்தை இழுத்துக்கொண்டு, தன் காலையும் அதன்மேல் இருந்த வயலினையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வகுப்பு முடிகிற நேரத்தில் மெதுவாகக் கேட்டாள். "டீச்சர், காலு படலாமா?"

"படலாம்னு சொன்னேனே."

"காலவிட கை மேலதானே டீச்சர்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "ஆமாம்மா, மேலதான்" என்றேன். தொடைக்கு அடியிலிருந்து கை வெளியே வந்தது. வெகுநேரம் அமுங்கிக் கிடந்ததில் பாயின் அச்சு விரலெல்லாம் பதிந்திருந்தது. அந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தந்தியின்மேல் வைத்துக் காட்டினேன்.

வயலின்காரர்களுக்குத் தெரியும். வில் இழுப்பது ஒரு கை. சுரம் அத்தனையும் மற்றக் கையில். பாட்டே அந்த விரல்களில்தான் இருக்கிறது. மற்றப் பிள்ளைகள் இடது கை விரலை வழிக்குக் கொண்டுவரவே மாதக்கணக்கில் அல்லாடினார்கள். தனத்துக்கு அந்தக் கை முதல் நாளிலிருந்தே அவள் சொந்தக் கை. இத்தனை வருடம் திட்டு வாங்கிய கை, வேலை கிடைத்ததும் விடுதலையானது மாதிரி ஓடியது. நான் கண்ட நன்மையைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்: ஒரு பக்கமாகத் தோளைக் குறுக்கி, கையைப் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டு நடந்த பிள்ளை நிமிர்ந்து நடக்க ஆரம்பித்தாள். மூளை வளர்ந்ததா என்று எனக்குத் தெரியாது, முதுகு வளர்ந்ததைப் பார்த்தேன்.

தாய் வாராவாரம் கேட்பார், "சோத்துக் கை எப்படி டீச்சர்?" "நல்லா வருது அக்கா" என்பேன். வில் நன்றாகத்தான் வந்தது. இரண்டு கைக்கும் தனித்தனி வேலை என்று ஆனதும், வலது கையின் மேல் அவளுக்கு இருந்த கோபமும் போய்விட்டது. சாப்பிடும்போது யாரும் கட்டாமலே சோத்துக் கையால் சாப்பிடுகிறாள் என்று தாயே வந்து சொல்லி, எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தார். மருந்து வேலை செய்கிறது என்று அவருக்குச் சந்தோஷம். வயலின்கள் வகுப்பிலேயே இருந்ததாலும், வகுப்பு நேரத்தில் அவர் மார்க்கெட்டில் இருந்ததாலும், மகள் வாசிப்பதை ஒருநாளும் பார்த்ததில்லை.

இங்கே எங்கள் பள்ளித் தையல் டீச்சரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். கத்தோலிக்கர். ஞாயிறு தோறும் மாதா கோவிலில் தமிழ்ப் பூசைக்கு ஆர்மோனியம் வாசிப்பார். ஓய்வறையில் டீ குடிக்கும்போது தனத்தின் கதையைச் சொல்லி, "ஒருநாள் அந்தம்மாவை உட்கார வைத்து நன்றாகக் கேட்கப்போகிறேன்" என்று நான் வீரம் பேசினேன். அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னார்: "நானும் ஒருதடவ ஒரு அம்மாவ அவங்க புள்ள முன்னாலயே மடக்கி மடக்கிக் கேட்டேன். அவங்களுக்குப் பதில் வரல. ஜெயிச்சுட்டேன். அடுத்த வாரத்துலேருந்து அந்தப் புள்ள பள்ளிக்கூடத்துக்கே வரல. தாய தோக்கடிச்சா, அந்தத் தோல்வி வீட்டுக்குப் போய் யாரு முதுகுல எறங்கும்னு நெனைக்கிறே?"

பயிற்சிக் கல்லூரியில் இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. டீயைக் குடித்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டேன். அது எனக்குக் கைகொடுத்தது நவராத்திரியில்.

ஒரு கோவில் மண்டபத்தில் எங்கள் பிள்ளைகள் வாசிக்க அழைப்பு வந்திருந்தது. சின்ன மேடை. மேடையின் ஒரு ஓரத்தில் பெரிய சரஸ்வதி படம், மாலை போட்டு, விளக்கு ஏற்றி. மறு ஓரத்தில் சுருதிப் பெட்டியோடு நான். நடுவில் வரிசையாகப் பிள்ளைகள். தனம் சரியாக நடுவில், பச்சைப் பாவாடை, தலை நிறைய மல்லிகை. கூட்டத்தில் முதல் வரிசையில் தாய், செம்பவாங்கிலிருந்து கூட்டி வந்த குவாட்டர்ஸ் பெண்கள் புடைசூழ. மகளின் சோத்துக் கையைக் காட்டத்தான் எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றி வந்திருந்தார்.

சுருதி சேர்த்துக்கொண்டு, பிள்ளைகள் சும்மா விரலை ஓடவிட்டுப் பார்த்தார்கள். அவ்வளவுதான். தனத்தின் வலது கை ஏதோ வாசல் பெருக்குவதுபோல் போய் வருகிறது, மற்றக் கையின் நாலு விரலும் வயலின்மேல் குதியாட்டம் போடுகின்றன. பக்கத்தில் இருந்த ஒரு பெண் தாயின் காதில் என்னவோ சொன்னது தெரிந்தது. தாயின் முகம் மாறியது. எழுந்து நேராக மேடையோரம் வந்துவிட்டார்.

"தனம், எந்திரி."

தனம் எழுந்தாள். வயலினும் வில்லும் வலது கைக்குப் போக, இடது கை முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. இத்தனை மாதம் வளர்ந்த முதுகு ஒரு நொடியில் குறுகியதைப் பார்த்தேன்.

"மருந்துன்னு நெனைச்சு வெசத்த குடுத்திருக்கேன். சாமி முன்னால, இத்தன பேரு முன்னால, அந்தக் கையால... நாளையிலேருந்து வேணாம் டீச்சர். நாங்க போறோம்."

மைக் பக்கத்தில் நின்ற கோவில்காரர், "டீச்சர், பூசைக்கு நேரமாச்சு, ஆரம்பிங்க லா" என்று கையைப் பிசைந்தார்.

என் நாக்கில் பதில் தயாராக இருந்தது. எதிரே படத்தில் இருக்கிறாளே அந்தக் கலைமகள், அவள் வீணையில் சுரம் பிடிக்கும் மெட்டுகள்மேல் எந்தக் கையை வைத்திருக்கிறாள்? விரலால் ஒரு முறை சுட்டிக் காட்டினால் போதும். மண்டபமே கைதட்டியிருக்கும். குவாட்டர்ஸ் பெண்கள் அதைச் செம்பவாங் வரை சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார்கள். தாய் தலை குனிந்து போயிருப்பார், மகளையும் கையோடு இழுத்துக்கொண்டு. தையல் டீச்சரின் ஊசி எனக்குள் குத்தியது. வாயை மூடிக்கொண்டேன். என் சுபாவத்துக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னோடு வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள்.

எழுந்து அவர் பக்கத்தில் போய்த் தணிந்த குரலில் சொன்னேன். "அக்கா, உங்க புள்ள, நீங்க சொல்றதுதான். கூட்டிட்டுப் போங்க. ஆனா நடுவுல ஒரு எடம் காலியானா மத்தப் புள்ளைங்க தடுமாறும். ஒரு கீதம் மட்டும் முடியட்டும். நீங்க கீழ போக வேணாம், இங்க எம் பக்கத்துல உக்காருங்க. உங்க கண்ணு முன்னாலயே இருக்கட்டும்."

யோசித்தார். எல்லோரும் பார்க்கிறார்கள். மேடையில் டீச்சருக்குச் சமமாக உட்காருவது ஒரு கௌரவமும்கூட. முந்தானையைச் சரிசெய்துகொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் பார்வைக்கு நேரே பிள்ளைகளின் வரிசை. அதற்கும் அப்பால், விளக்கு வெளிச்சத்தில், படம். நான் படத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை.

கீதம் தொடங்கியது. பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாக மேல் சுரத்துக்குப் போனார்கள். திரும்ப உட்கார்ந்த தனம் மட்டும் போகவில்லை. அவள் இடது கை மறுபடி தொடைக்கு அடியில். வலது கை மட்டும் ஒரே தந்தியை இழுத்துக்கொண்டிருந்தது. முதல் நாள் கேட்ட அதே சத்தம். ஐந்தாறு வயலின் பாடுகிறது, நடுவில் ஒன்று மட்டும் முனகுகிறது. முன்வரிசையில் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தாய்க்குப் பொறுக்கவில்லை. என் பக்கம் குனிந்து, "ஏன் டீச்சர், மத்தப் புள்ளைங்க எல்லாம் பாட்டு வாசிக்குது, இவ மட்டும் ஏன் சும்மா இழுத்துக்கிட்டிருக்கா?"

"சோத்துக் கையால அவ்வளவுதான் வரும் அக்கா. மிச்சமெல்லாம் அந்தக் கையில இருக்கு."

அவர் மகளைப் பார்த்தார். பக்கத்துப் பிள்ளைகளின் விரல்களைப் பார்த்தார். நல்ல சோத்துக் கைப் பிள்ளைகள்தான், எல்லோருடைய பாட்டும் இடது கையில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் அவர் பார்வை வரிசையைத் தாண்டிப் போனது. அங்கேயே நின்றது. நான் சுருதிப் பெட்டியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தனம்" என்று கூப்பிட்டார். பிள்ளை திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"வாசி."

தனத்துக்குப் புரியவில்லை. வில்லை இன்னும் வேகமாக இழுத்தாள்.

தாய் மறுபடி சொன்னார். "அந்தக் கையையும் எடுத்து வாசி, புள்ள."

கீதம் பாதி தாண்டியிருந்தது. வெளியே வந்த கை எங்கே நுழைவது என்று கொஞ்சம் தேடியது. அடுத்த வரியின் முதல் எழுத்தில் சரியாகப் போய்ச் சேர்ந்துகொண்டது. அதன் பிறகு நடுவில் முனகல் இல்லை. மற்றவர்கள் எல்லாம் அவளைத் தொட்டுக்கொண்டு வாசித்த மாதிரி இருந்தது. நான் அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

முடிந்ததும் தாய் என்னிடம், "சின்ன வயசுலேருந்து கும்பிடுறேன் டீச்சர். வீணையத்தான் பாத்திருக்கேன். கையப் பாத்ததே இல்ல" என்றார். நானும் அன்றுதான் கவனித்ததுபோல் தலையை ஆட்டிவைத்தேன்.

தனம் வித்துவான் ஆகவில்லை. உங்கள் ஒரு பக்கத்தில் போடுவதற்கு ஏற்ற புகழ் எதுவும் அவளுக்கு இல்லை. பல வருடம் வாசித்தாள், பிறகு தாதி வேலைக்குப் படித்தாள், கல்யாணம் செய்துகொண்டு தெம்பனிஸில் குடியிருந்தாள். வயலின் எங்கே என்று ஒருமுறை கேட்டதற்கு, அலமாரி மேல் இருக்கிறது என்று சிரித்தாள். ஆகவே பலன் என்ன என்று கேட்டு ஒரு தாயோ தகப்பனோ உங்கள் முன் வந்து நின்றால், பட்டியலை நீட்டுவதற்கு முன் அவர்களுக்கு என்ன பயம் என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைக்கு வாத்தியம் என்ன செய்ய வேண்டும் என்பது பல சமயம் அதில்தான் இருக்கும்.

நான் மறக்காதது கீதத்தைக்கூட அல்ல. பூசை முடிந்து சுண்டல் கொடுத்தார்கள். தாயே தொன்னைகளை வாங்கி வந்து பிள்ளைகளுக்கு வரிசையாகக் கொடுத்துக்கொண்டு வந்தார். தனத்தின் முறை வந்தது. அவள் வலது கையில் வயலினும் வில்லும். காலியாக இருந்தது இடது கை மட்டும்தான். பிரசாதம் ஆயிற்றே! அவசர அவசரமாக வயலினை அக்குளில் இடுக்கி, வில்லைப் பல்லில் கவ்வப் போனாள்.

"ஏய், வாத்தியத்தக் கீழ போட்டுடாத" என்றார் தாய். மகளின் இடது கையைப் பிடித்து விரித்து, அதிலேயே சுண்டலை வைத்தார்.